ஒன்பது மீட்டருக்கு மேலே ஒரு வீடு

திருமங்கலம்,
14.7.2025, திங்கட்கிழமை.

அன்புள்ள மதினிக்கு,

ரோகிணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம் என்று எழுதிவிட்டு அந்தக் கடைசிச் சொல்லை அடித்துவிட்டேன். இருக்கிறோம். நீங்கள் ஓசூரில் எப்படி இருக்கிறீர்கள்? விடுதியில் ஒரு அறைக்கு எட்டுப் பேர் என்றும், நாள் முழுக்க நின்றுகொண்டே செல்போன் பாகங்களைப் பூட்டும் வேலை என்றும் உங்கள் அண்ணன் பாண்டியராஜன் சொன்னார். முகவரியை அவரிடம்தான் வாங்கினேன். "புது நம்பரக் கேக்காத பாப்பா, யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னுருக்கா. அட்ரஸ் வேணா தாரேன்" என்றார். அதனால்தான் கடிதம்.

அப்பா எழுதச் சொல்லி எழுதுகிறேன். "நீ எழுது, உனக்குத்தான் கோர்வையா வரும்" என்று கோடு போட்ட தாளும் புதுப் பேனாவும் வாங்கி வந்தார். இப்போது எதிரே நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டும்.

விஷயம் அண்ணனுடைய பணம் பற்றியது. அண்ணன் வேலை பார்த்த கத்தார் கம்பெனி நஷ்டஈட்டை அனுப்பி நான்கு மாதம் ஆகிறது. அது பாங்கில் அம்மா பெயரிலும் உங்கள் பெயரிலும் சேர்ந்து கிடக்கிறது. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். படிவம் நிரப்புவதற்காக அப்பா என்னையும் பாங்குக்கு அழைத்துப் போயிருந்தார். மேனேஜர் தாள்களைப் புரட்டிவிட்டு, "ஐயா, கல்யாணமான மகன் இறந்துட்டா தாயாரும் சம்சாரமும்தான் வாரிசு. உங்க பேரு இதுல வராதே" என்றார். அப்பா சரி என்றார். ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. பின்னால் நின்றவர்கள் டோக்கனைக் காட்டிய பிறகுதான் எழுந்தார்.

அந்தப் பணத்தில் மதுரையில் ஒரு வீடு வாங்க அப்பா முடிவு செய்திருக்கிறார். சாதாரண வீடு இல்லை. மேலமாசி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், நூறு வருஷத்துப் பெரிய வீடு ஒன்றை ஒரு கம்பெனி வாங்கி, முன்பக்கச் சுவரையும் தேக்குக் கதவையும் மட்டும் அப்படியே நிறுத்திவைத்து, பின்னால் அடுக்குமாடி கட்டியிருக்கிறது. மாடவிளக்கு ரெசிடென்சி என்று பெயர். மொத்தம் எட்டே வீடுகள். போன வாரம் வீட்டுப் புரோக்கர் சோலை மாமா எங்களை அழைத்துப்போய்க் காட்டினார். சுவரில் இறங்கும் மஞ்சள் வெளிச்சம், சத்தமில்லாமல் மூடும் அலமாரிகள், குளியலறையில் கண்ணாடித் தடுப்பு எல்லாம் இருக்கின்றன. தரையில் போட்டிருக்கும் கல் இத்தாலியில் இருந்து வந்ததாம். கோட்டு அணிந்த ஒரு அக்கா கூடவே வந்து விளக்கினார். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் முதலீடாக வாங்கிப்போட்டு, கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்களாம். பழைய மதுரையில் இனிமேல் இடமே கிடைக்காது என்பதால் விலை ஏறிக்கொண்டே போகும் என்றார்.

நம் வீடு மூன்றாம் மாடியில், ஆக உச்சியில் இருக்கிறது. படுக்கையறைக் கதவைத் தள்ளினால் பால்கனி. அங்கே நின்றால் கோயிலின் மேலக் கோபுரம் தெரிகிறது. பாதி, முக்கால் இல்லை, முழுதாகத் தெரிகிறது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சோலை மாமா, "அண்ணே, காட்டுல கெணறு வெட்டுனா தண்ணி வரும், வராமயும் போகும். இந்தக் கோபுரம் எங்கிட்டும் போகாது. இதுக்குத்தான் வெல" என்றார். அந்த அக்கா நடுவில், "சார், நீங்க வெஜ்ஜா?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் சோலை மாமா, "அண்ணன் செவ்வா வெள்ளி தொடவே மாட்டாரும்மா" என்று முந்திக்கொண்டார். அம்மா உள்ளே போனார். சமையல்கட்டுக் குழாயைத் திறந்தார். இன்னும் தண்ணீர் வரவில்லை. மூடினார். பஸ்ஸில் வரும்போது மட்டும், "அந்த அடுப்புல கருவாடு வறுத்தா கோபுரம் வரைக்கும் மணக்கும்" என்றார். நான் சிரிக்க நினைத்தேன். அதற்குள் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலில் அண்ணன் பெயரில் 'அருள்பாண்டி இல்லம்' என்று பித்தளைப் பலகை வைப்பது அப்பாவின் எண்ணம். அட்வான்ஸுக்காகக் கப்பலூர் பக்கத்து ஒன்றரை ஏக்கர் கரிசலை விற்றுக் கொடுத்துவிட்டார். ஆடியில் எதுவும் பதியக் கூடாது. ஆவணி இருபது, வெள்ளிக்கிழமை நாள் குறித்திருக்கிறார். அதற்குள் மீதியைக் கட்ட வேண்டும். ஆகையால், பணத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு பத்திரத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டும் என்று அப்பா கேட்கச் சொல்கிறார். வீடு உங்களுக்கும் சொந்தம்தான், எப்போது வேண்டுமானாலும் வந்து தங்கலாம் என்றும் எழுதச் சொல்கிறார்.

உங்கள் ஸ்கூட்டி கொட்டகையில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா அதைக் கிளப்பி, பாட்டரி இறங்கிவிடாமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, சாக்கைப் போட்டு மூடிவிடுகிறார். இதை அப்பா எழுதச் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். பதிலைத் தபாலில் எதிர்பார்த்திருக்கும்,
ரோகிணி.


திருமங்கலம்,
4.8.2025, திங்கட்கிழமை.

அன்புள்ள மதினிக்கு,

மூன்று வாரமாகப் பதில் வரவில்லை. வராததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில், விலங்கியல் நோட்டுக்குள் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

போன கடிதத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நான் பார்த்த ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை. படி ஏறித்தான் போனோம். படி ஏறினால் எண்ணுவது என் பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மாடிக்கு இருபது படி. மூன்றாம் மாடிக்கு அறுபது. இறங்கி வந்தபோது வாசலில், சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு அறிவிப்புப் பலகை சாத்தியிருந்தது. கட்டட அனுமதி எண், தேதி, கீழே 'தரைத்தளம் மற்றும் இரண்டு தளங்கள், உயரம் 9 மீட்டர்' என்று இருந்தது. அப்படியானால் மூன்றாவது தளம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

மறுநாள் கிளை நூலகத்துக்குப் போனேன். நூலகர் அம்மாவிடம், மதுரைக் கோயிலைச் சுற்றி எவ்வளவு உயரம் கட்டலாம் என்று கேட்டேன். அவர் புத்தகத்தைத் தேடவே இல்லை. "ஒரு கிலோமீட்டருக்கு ஒம்பது மீட்டர்தான்டி. எங்க மாமனார் வீடு அங்கதான். மொட்ட மாடியில ஒரு ரூம் போட எம்புட்டு அலைஞ்சாரு தெரியுமா? கடேசி வரைக்கும் விடல" என்றார். பிறகு பழைய செய்தித்தாள் கட்டுகளை எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான். அரசாணையே இருக்கிறது. எங்கிருந்து பார்த்தாலும் கோபுரம் மறையக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மறுபடியும் வீட்டைப் பார்க்கப் போனார். என்னையும் கூட்டிப்போனார். நான் ஜியோமிட்ரி பாக்ஸில் இருந்து ஸ்கேலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அப்பாவும் சோலை மாமாவும் மேலே போன பிறகு, ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்து ஒரு படியை அளந்தேன். பதினேழு சென்டிமீட்டர். ஒன்று மட்டும் தவறாக இருக்கலாம் என்று ஆறு படிகளை அளந்தேன். எல்லாமே பதினேழு. அறுபது படி என்றால் பத்து மீட்டர் இருபது. அதாவது, நம் வீட்டின் தரையே ஒன்பது மீட்டருக்கு மேலே இருக்கிறது. தெருவிலிருந்து கட்டடத்துக்குள் ஏறும் மூன்று படிகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மதினி, அரசாங்கத்தின் காகிதத்தில் அந்த வீடு இருக்கும் இடத்தில் ஆகாயம்தான் இருக்கிறது. கோபுரத்தை யாரும் மறைக்காமல் இருக்கப் போட்ட விதியை மீறித்தான் அவ்வளவு அழகாகக் கோபுரம் தெரிகிற வீட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் அன்று புரிந்தது. அந்தக் கோட்டு அக்கா முதல் தடவையே, "தேர்ட் ஃப்ளோருக்கு மட்டும் லோன் கிடையாது சார். ஒன்லி ஓன் ஃபண்ட் கஸ்டமர்ஸ்" என்று சொல்லியிருந்தார். அப்பா அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டார். உங்களுக்கே தெரியும், அப்பா இதுவரை எவரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. விதைக்குக்கூட வாங்கியதில்லை. உங்கள் கல்யாணத்தின்போது பந்தல்காரருக்கு முதல் நாளே முழுக்கூலியும் கொடுத்தவர். "கடன்காரனெல்லாம் கீழ் மாடியில இருக்கட்டும்" என்று சோலை மாமாவும் தட்டிக்கொடுத்தார். பாங்கில் கடன் கேட்டிருந்தால் வக்கீல் பார்த்திருப்பார், இன்ஜினீயர் வந்து அளந்திருப்பார். மூன்றாவது மாடி என்றதும் அவர்களே வேண்டாம் என்றிருப்பார்கள். சொந்தப் பணத்தோடு வருகிறவருக்கு அளந்து பார்க்க யாரும் இல்லை. அப்பாவைப் போன்றவர்கள் வருவார்கள் என்று தெரிந்தே அந்த மாடியைக் கட்டியிருக்கிறார்களோ என்னவோ.

திரும்பி வரும்போது பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்று அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். நோட்டைத் திறந்து பெருக்கலையும் காட்டினேன். அப்பா கேட்டுக்கொண்டார். "சரியாத்தேன் போட்டுருக்க" என்றார். அப்புறம் திருமங்கலம் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் சோலை மாமாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "பாப்பா ஏதோ சொல்லுது, கேளுய்யா" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். மாமா சிரித்தார். "ஆத்தா, நீ இன்ஜினீயருக்கே படிக்கலாம். மதுரைக்குள்ள எவன் அளவெடுத்துக் கட்டுனான்? எம்புட்டு லாட்ஜு நிக்கிது, அம்புட்டையுமா இடிச்சுப்புட்டாக? பைனைக் கட்டிட்டா சரியாப் போகும். கம்பெனிக்காரன் பாத்துக்கிருவான்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். 'போதுமா' என்று கேட்பதுபோல் இல்லை. எதுவும் கேட்பதுபோல் இல்லை.

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு வருஷமாக எனக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தாலும் ஒன்றும் ஆகவில்லை, கூடினாலும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் மூன்று பேருமே அப்படித்தான். டிவி ஓடும். சீரியல் முடிந்து செய்தி வந்திருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டோம். உங்களுக்கும் அப்படித்தானா என்று கேட்கத் தோன்றுகிறது. அங்கே சத்தம் அதிகம் இருக்கும், அது ஒருவேளை நல்லதாக இருக்கலாம்.

எனக்குத் தெரிந்ததை உங்களிடம் சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் வயது எனக்கு இல்லை. ஆனால், போன கடிதத்தை மட்டும் படித்துவிட்டு நீங்கள் முடிவு எடுத்துவிடக் கூடாது.

மணி அடித்துவிட்டது.

உங்களை நினைக்கும்,
ரோகிணி.


திருமங்கலம்,
25.8.2025, திங்கட்கிழமை.

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் பதில் சனிக்கிழமை வந்தது. உறையின் மேல் அப்பா பெயர் இருந்ததால் தபால்காரர் அவரிடமே கொடுத்தார். உள்ளே இரண்டே வரிகள்தான் என்று உங்களுக்கே தெரியும். 'பத்திரத்தைத் தபாலில் அனுப்புங்கள், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். இதற்குமேல் எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.' அப்பா அதை இரண்டு தடவை வாசித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அந்தச் சட்டையைத் துவைக்கப் போடும்போது அம்மா பையைத் துழாவி எடுத்து, என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "வேற ஒண்ணும் எழுதலையா? பின்னாடி பாரு" என்றார். பின்னாடி ஒன்றும் இல்லை.

என் இரண்டாவது கடிதம் உங்களுக்குக் கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்தும் இப்படி எழுதியிருந்தால், எது எப்படிப் போனால் என்ன என்று எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இதுவே கடைசியாக இருந்தாலும் சரி.

அண்ணன் காரியம் முடிந்த பதினாறாம் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆட்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, "புள்ள குட்டி ஏதும் இல்ல. ரெண்டு வருசத்துல அவன் ஊர்ல இருந்ததே நாலு மாசம். அந்தப் புள்ளைக்கு இங்க என்ன இருக்கு, கூட்டிட்டுப் போயிருங்க" என்று உங்கள் அண்ணனிடம் சொன்னார். நீங்கள் உள் அறையில் இருந்தீர்கள். கதவு திறந்துதான் இருந்தது. நான் காபித் தட்டோடு நடுவில் நின்றேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்குக் காபி கொடுத்தேன். நீங்கள் ஒரே பையோடு ஜீப்பில் ஏறினீர்கள். லேப் டெக்னீசியன் படிப்பின் இரண்டாம் வருஷத்தில் கல்யாணத்துக்காக நிறுத்திய பெண்ணை, நாங்கள் இரண்டு வருஷம் வைத்திருந்து, ஒரே பையோடு திருப்பி அனுப்பினோம். நான் நிறையப் புத்தகம் படிக்கிறேன் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது கேட்பது யாருக்கு உதவும் என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இப்போது வீட்டு விஷயம். நேற்று அப்பாவிடம் நான் மறுபடியும் பேசினேன். நோட்டை எடுக்கவில்லை. வெறுமனே, "அந்த மாடிய ஒரு நாள் இடிச்சுட்டா என்னப்பா பண்றது?" என்று கேட்டேன். அப்பா டிவியை நிறுத்தினார். பிறகு, "இடிச்சா இடிக்கட்டும்" என்றார்.  அதற்குமேல் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அது பாங்குல காசாக் கெடக்குற வரைக்கும், பெத்த புள்ளைய வித்துப்புட்டு நிக்கிற மாதிரி இருக்கு. கல்லா மண்ணா மாறிருச்சுன்னா போதும். அது எங்கன இருந்தா என்ன, எத்தன நாளு நின்னா என்ன." இவ்வளவும் சொன்ன பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணன் போன பிறகு அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பா ஏமாறவில்லை. அவருக்கு வீடே வேண்டியதில்லை. கோபுரமும் வாடகையும் இத்தாலிக் கல்லும் சோலை மாமாவுக்கும் அந்தக் கம்பெனிக்கும் வேண்டியவை. அப்பாவுக்கு அந்தப் பணம் கண்ணுக்கு முன்னால் இல்லாமல் போக வேண்டும். அவ்வளவுதான். நீங்களும் அதையேதான் இரண்டு வரியில் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தூக்கி ஆகாயத்தில் வைக்கப் போகிறீர்கள்.

அதனால் கேட்கிறேன். மதினி, கையெழுத்துப் போடாதீர்கள்.

போடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். குறித்த நாளுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸ் திரும்பி வராது என்று கம்பெனியின் காகிதத்தில் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. நானே படித்துப் பார்த்தேன். கரிசல் ஒன்றரை ஏக்கர் போனது போனதுதான். என்னைப் பன்னிரண்டாவது முடித்ததும் கல்லூரிக்கு அனுப்புவதாக இருந்ததே அந்த நிலத்தை நம்பித்தான். பரவாயில்லை. போனது அம்புட்டோடு நிற்கட்டும். பாங்கில் இருப்பதில் பாதி உங்களுடையது. அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். படிக்கலாம், படிக்காமல் இருக்கலாம். பத்து வருஷம் தொடாமலே வைத்திருக்கலாம். ஆனால் சும்மா கிடந்தாலும் உங்களுடையதாகக் கிடக்கட்டும். உங்களுக்கு இருபத்தாறு வயதுதான் ஆகிறது. இன்னொரு நாள் உங்களுக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றலாம்.

பத்திரத்தைத் தபாலில் அனுப்பச் சொன்னீர்கள். அப்பா அனுப்பவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை, 31ஆம் தேதி, அவரே ஓசூருக்கு வருகிறார். விடியற்காலையில் ஆரப்பாளையத்தில் சேலம் பஸ் ஏறி, சேலத்தில் மாறி, மத்தியானத்துக்குள் உங்கள் விடுதி வாசலுக்கு வந்துவிடுவார். ரிஜிஸ்டர் தபாலில் போட்டால் மூன்று நாளில் போய்விடுமே என்று சொன்னேன். "போஸ்ட்ல போட்டா தொலைஞ்சு போகும்" என்றார். ரிஜிஸ்டர் தபால் தொலையாது என்று அவருக்குத் தெரியும். கப்பலூர் தொழிற்பேட்டையில் லாரி எடைமேடை வேலையில் ஆறு வருஷமாக ரிஜிஸ்டர் தபால்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவைப்பதே அவர்தான்.  வெள்ளைச் சட்டை ஒன்றைக் கடையில் தேய்க்கக் கொடுத்திருக்கிறார்.

அம்மாவுக்கு நான் எழுதுவது தெரியும். இதை எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வெகு நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறைக்கவில்லை. "முனையில இருக்குற பெட்டில போடாத. அத எப்ப எடுப்பான்னு தெரியாது. பெரிய போஸ்டாபீஸ்ல போயி, சீக்கிரம் போறதுல போடு. அவரு போறதுக்கு முன்னாடி போகணும்" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். பாங்குப் படிவத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கை வலிக்கிறது, நாளைக்குப் போடுகிறேன் என்று ஒரு மாதமாக அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

அப்பா வந்தால் எப்படி இருப்பார் என்று சொல்லிவிடுகிறேன். வாசலில் காவலாளியிடம் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வராது. எதிர்ப்பக்கம் எங்காவது நிழலில் நிற்பார். ஆகவே ஒரு மணி வாக்கில் நீங்களாக வெளியே வந்து பாருங்கள். உங்களைப் பார்த்ததும் நலம்கூட விசாரிக்காமல் பையைத் திறந்து பத்திரத்தை எடுப்பார். அதைத் தவிர வேறு பேச்சு அவரிடம் இல்லை. நாகஜோதி என்று உங்கள் பெயர் எழுதியிருக்கும் இடத்தைக் காட்டுவார். அதை வைத்து அவரைக் கல்மனசுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்.

பேனாவை வாங்காதீர்கள். முடியாது என்று சொல்லுங்கள். தபாலில் வேண்டாம், என் மூலமாக வேண்டாம், உங்கள் அண்ணன் மூலமாகவும் வேண்டாம். நீங்களே அவர் முகத்தைப் பார்த்து, இது என் பங்கு, நான் கொடுக்க மாட்டேன் மாமா என்று சொல்லுங்கள். மாமா என்று சொல்ல முடியாவிட்டால் அதை விட்டுவிடலாம். வேறு யார் சொன்னாலும் இப்போது அவருக்குக் காதில் விழாது. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சொன்ன பிறகு உடனே உள்ளே போய்விடாதீர்கள் மதினி. பஸ்ஸில் போகும்போது அவர் வழியில் எதுவும் சாப்பிட மாட்டார். அங்கே பக்கத்தில் ஏதாவது சாப்பாட்டுக் கடை இருக்கும். அவரை எதிரில் உட்காரவைத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மட்டும் இருங்கள்.

என்றும் உங்கள்,
ரோகிணி.